ஜப்பானுக்கு ஒரு கை

"எந்த ஊருக்குப் போவுது?"

திண்டிவனத்தில் மேம்பாலத்தை ஒட்டிய ஒரு சந்தில் மிளகாய் அரைக்கும் மிஷின் வைத்திருந்த அம்மாள், டப்பாவைக் கையில் வாங்கி மூடியைத் திறக்கும்போதே கேட்கிற கேள்வி இது. என்ன தூள், எத்தனை கிலோ என்பதெல்லாம் அப்புறம்தான். எங்கேயும் போகவில்லை, வீட்டுக்குத்தான் என்று சொன்னால் அவருக்கு ஆர்வம் போய்விடும். அந்தப் பக்கம் வை என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த டப்பாவைப் பார்ப்பார். குவைத், லண்டன், மலேசியா என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டாலோ, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்துவிடுவார்.

"அங்க என்னா சோறு துன்றாங்க?"

"கூட ஒக்காந்து யாரு சாப்புடுறாங்க?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் யாருடைய மிளகாயும் மிஷினுக்குள் போகாது. பாஸ்போர்ட் வாங்கும்போதுகூட இத்தனை கேள்வி இல்லை என்று என் அம்மா அலுத்துக்கொள்வாள். ஆனால் வேறு மிஷினுக்குப் போகவும் மாட்டாள். எல்லா மிஷினிலும் கொஞ்சம் தூள் உள்ளே தங்கி எடை குறையும். இங்கே தம்பிக்கு அனுப்ப மூன்று கிலோ கொடுத்தால் மூன்று கிலோவும் அப்படியே திரும்பி வரும் என்பதில் அம்மாவுக்கு அப்படி ஒரு பெருமை. "கை சுத்தம்னா அந்தம்மா கைதான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் விழுப்புரத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். பல வருஷம் இதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. போர்டில் இருந்தது எப்போதோ இறந்துபோன அவர் புருஷனுடைய பெயர். எல்லோருக்கும் அவர் மிஷின்காரம்மா. அவரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா இருந்தவரை நாங்கள் வாத்தியார் வீடு. என் தம்பி ஜப்பானில் ஒரு மோட்டார் கம்பெனிக்கு வேலைக்குப் போன மறுமாதமே என் அம்மா "ஜப்பானு" ஆகிவிட்டாள். பின்தெருவில் ஒரு குவைத்து, கோயில் பக்கம் ஒரு லண்டன். "லண்டனு, உன் தூளு ஆறிட்சி, எடுத்துக்கினு போ" என்று அவர் சத்தம் போடும்போது, நைட்டியும் துண்டுமாக ஒரு பெண்மணி எழுந்து வருவார். எனக்கும் ஒரு பெயர் இருந்தது. கல்யாணம் ஆகி விழுப்புரம் போனவள் என்பதால் நான் "உள்ளூரு". ஒரு மணி நேர பஸ் பயணத்தை அவர் பயணமாகவே ஒத்துக்கொள்ளவில்லை.

ஆள் ஒல்லி. தலையில் எப்போதும் ஒரு துண்டு. புடவை என்ன நிறத்தில் வாங்கப்பட்டது என்று சொல்ல முடியாதபடி எல்லாமே செங்கல் நிறத்தில் இருக்கும். நாங்கள் தும்மிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் நிற்போம். அவர் அந்தப் புகைக்கு நடுவே அசையாமல் நின்று, மிஷின் வாயில் கட்டிய துணிக்குழாயை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருப்பார். அவர் தும்மி நான் பார்த்ததில்லை.

அவர் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரே மாதிரியான இரண்டு எவர்சில்வர் தூக்குகள் மாறிப்போயின. ஒன்று மரக்காணத்திலிருந்து வந்த மீனவப் பெண்மணியுடையது, இன்னொன்று அனந்தபுரத்துக்காரர் ஒருவருடையது. இரண்டிலும் தூள் ஒரே நிறம். இது என்னுது, அது உன்னுது என்று சண்டை வலுத்தது. மிஷின்காரம்மா இரண்டிலிருந்தும் சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். "இதுல பருப்பே இல்ல, வெந்தயம் தூக்கலு. இது கடக்கரைத் தூளு. மீனுக்குப் போறது. எடுத்துக்கோ" என்று கொடுத்தார். அந்தப் பெண்மணி மோந்து பார்த்துவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். எந்த வீட்டில் மல்லி எவ்வளவு, எந்த வீட்டில் மிளகு எவ்வளவு, யார் பச்சரிசி வறுத்துப் போடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு வீட்டு அளவை இன்னொரு வீட்டுக்குச் சொல்ல மாட்டார். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, தன் மாமியாரின் அளவை மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். "அது உன் மாமியாரு வாயில வரணும், என் வாயில வராது" என்று சொல்லி அவளுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

வெளிநாட்டுத் தூளுக்கு மட்டும் ஒரு தனி நடைமுறை இருந்தது. அரைத்ததும் சூடாக இருக்கும், வெள்ளைத் துணியில் கொட்டி ஆறவைக்க வேண்டும் என்பார். "கடைத்தெருவுல வேல இருந்தா பாத்துட்டு வா, அதுக்குள்ள ஆறிடும்" என்று அனுப்பிவிடுவார். எங்கள் உள்ளூர்த் தூள் மட்டும் சூட்டோடு டப்பாவில் ஏறும். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று நான் ஒருமுறை கேட்டேன். "நீ தொறந்து வெச்சி ஆத்திப்ப. ஏரோபிளேன்ல யாரு ஆத்துவா?" என்றார். சரியாகத்தான் பட்டது.

திண்டிவனம் தாலுகாவைத் தாண்டி அதிகம் போனதில்லை அவர். ஆனால் எந்த நாட்டில் குழம்பு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியும். லீவில் வந்தவர்கள், வீடியோவில் பேசியவர்கள், அனுப்பியவர்களின் அம்மாக்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. லண்டனில் கிரீம் ஊற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு குழம்பு, அதை வைப்பவர் வங்காளதேசத்துக்காரர். தென்னாப்பிரிக்காவில் ரொட்டியைப் பாதியாக வெட்டி, உள்ளே இருக்கிறதைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் குழம்பை ஊற்றிக் கொடுக்கிறார்கள். "தட்டு கழுவுற வேல மிச்சம்" என்று அதை மிகவும் மெச்சினார். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கப்பலில் கரும்புத் தோட்டத் தீவுகளுக்குக் கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், தமிழ் மறந்த பிறகும் மஞ்சளும் பூண்டும் போட்ட குழம்பை மட்டும் விடவில்லை என்று ஒரு வானூர்க்காரர் சொன்னபோது, மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

ஜெர்மனி மட்டும் அவருக்குச் சரிப்பட்டு வரவே இல்லை. அங்கே கறியை அரைத்துக் குழல் மாதிரி சுட்டதைத் துண்டு போட்டு, மேலே தக்காளி சாஸ் ஊற்றி, மசாலாத் தூளைப் பச்சையாகத் தூவித் தின்கிறார்கள் என்று அங்கே படிக்கிற பையனின் அப்பா சொன்னார்.

"கொதிக்க வெக்காமயா?"

"ஆமாம்மா. தூவறதோட சரி."

"வயிறு என்னாத்துக்கு ஆவும்!" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையனுக்கு மட்டும் மிளகாயைக் குறைக்கச் சொல்லி அப்பாவை வற்புறுத்தினார்.

ஜப்பானைப் பற்றித் தகவல் கொடுத்தது எங்கள் வீடு. அங்கே குழம்பு பழுப்பு நிறத்தில் கூழ் பதத்தில் இருக்கும், இனிக்கும், உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுவார்கள், சிலர் ஆப்பிளைத் துருவிப் போடுவார்கள். மசாலாவைத் தூளாக விற்காமல் சாக்லேட் பாளம் மாதிரி கட்டியாக விற்பார்கள். ஒட்டுகிற சோற்றின் மேல் ஊற்றி ஸ்பூனால் சாப்பிடுவார்கள். தம்பி சொன்னதை நான் ஒப்பித்தபோது, இதெல்லாம் ஒரு குழம்பா என்று சேர்த்துச் சொன்னேன்.

"கொழம்புதான்" என்றார் அவர். "அங்க சோறு ஒட்டும்னு சொன்ன இல்ல? ஒட்டுற சோத்துல நம்ம மாதிரி தண்ணியா ஊத்தினா தனியா ஓடிடும். கெட்டியாத்தான் இருக்கணும். போன எடத்துல பொழைக்கணும்ல அது."

அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். தம்பியோடு யார் சாப்பிடுகிறார்கள்? அம்மாதான் பதில் சொன்னாள். ஒரே அறையில் ஜப்பான்காரப் பையன் ஒருவன், வியட்நாம் பையன் ஒருவன். முதல் வருஷம் இவன் குழம்பு கொதிக்க வைத்தால் அவர்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார்களாம், இவன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறானாம். சொல்லும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மிஷின்காரம்மா துணிக்குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த பார்சலுக்குப் பிறகு நிலைமை மாறியது. வியட்நாம் பையன் தட்டோடு வந்து உட்கார ஆரம்பித்தான் என்றான் தம்பி. பிறகு ஜப்பான்காரன். பிறகு பக்கத்து அறை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி குழம்பு வைப்பது அங்கே வழக்கமாகிப்போனது. "அம்மா கை பக்குவம்னா அம்மா கைதான்" என்பான். அம்மா அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டுவாள். லீவில் வந்தபோது வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "அங்க நான் வெக்கிறது இதவிட நல்லா இருக்குதும்மா" என்று ஒருமுறை சொன்னான். எல்லோரும் சிரித்தோம். அந்த ஊர்த் தண்ணீர் அப்படி என்று முடிவுகட்டினோம்.

இப்படிப் பதினோரு வருஷம் போனது.

போன வருஷம் மிஷின்காரம்மா படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, வானூரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மிஷின் பூட்டிக் கிடந்தது. அம்மா வேறு தெருவில் புதிதாக வந்த இடத்தில் அரைத்தாள். பளபளவென்று மூடிய மிஷின். ஒவ்வொருவர் தூளும் முடிந்ததும் காற்று அடித்துச் சுத்தம் செய்கிறார்கள். அந்தத் தூள் ஜப்பான் போய்ச் சேர்ந்த வாரம் தம்பி வீடியோவில் வந்தான். நானும் அம்மா வீட்டில் இருந்தேன்.

"யம்மா, இது நம்ம தூளு இல்லியே. எதையாவது உட்டுட்டியா?"

"எல்லாம் போட்டன்டா."

"ரூம்ல யாருமே இன்னொரு தபா வாங்கல. உனுக்கு மறந்துட்சா?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் அந்த வார்த்தை அம்மாவைப் போய்த் தைத்துவிட்டது. காரணம் இருந்தது. அனந்தபுரத்தில் இருந்த என் பெரியம்மாவுக்குக் கடைசியில் எல்லாம் மறந்துபோனது. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்ட சொந்த மகளைப் பார்த்து, "நீ யாரூட்டு பொண்ணும்மா?" என்று கேட்டாள். அப்போது அம்மா பக்கத்தில் இருந்தாள். அந்த மாதம் பார்த்து அம்மா ஒரு தடவை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்திருந்தாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடியிருந்தாள். நான் தினமும் செய்கிற காரியங்கள்தான் இவை. ஆனால் அவளுக்கு வயது அறுபத்தெட்டு.

மறுபடி மிளகாய் வாங்கிக் காயவைத்தாள். அளவைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைத்துக்கொண்டு வறுத்தாள். "வெந்தயம் போட்டனா?" என்று கேட்டாள். போட்டாய் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். அந்தத் தூளும் ஜப்பான் போனது. இதுவும் இல்லை என்றான் தம்பி. அன்றைக்கு அம்மா தூங்கிய பிறகு என்னை மட்டும் கூப்பிட்டு, "யக்கா, அம்மாவ தனியா உடாத. உன் வூட்டுக்கு இட்டுக்கினு போயிடு" என்றான்.

டாக்டரிடம் காட்டினோம். கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அம்மா தடங்கலில்லாமல் சொன்னாள். வயதுக்கு நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். ஆட்டோவில் வரும்போது அம்மா சொன்னாள்: "அவரு பள்ளிக்கூடத்துக் கணக்கா கேட்டாரு. கொழம்பு கேட்டிருந்தாருன்னா மாட்டிக்கினு இருப்பன்."

விழுப்புரத்துக்கு அழைத்துக்கொண்டு போவது என்று முடிவானது. அப்பா கட்டிய வீடு. அவர் போன பிறகும் அம்மா தனியாக, யாருக்கும் தொந்தரவில்லாமல், சந்தோஷமாக இருந்த வீடு. அதைப் பூட்டுவதற்குச் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தோம். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். சொல்லவில்லை. நான் சொன்ன பெட்டியில் சொன்ன பாத்திரத்தை வைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தராசைப் பெட்டியில் வைக்கும்போது மட்டும் முணுமுணுத்தாள். "புது மிஷின்காரன் மூணு கிலோ குடுத்தா ரெண்டே முக்கால்தான் குடுக்கிறான். அந்தம்மா கிட்ட மூணுன்னா மூணு."

"எல்லா மிஷின்லயும் கொறையும்மா. உள்ள தங்கிடும்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. எல்லா மிஷினிலும் குறையும். அப்படியானால் அந்த மிஷினில் ஏன் குறையவில்லை? பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கு இதைக் கேட்கப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

மறுநாள் வானூருக்கு பஸ் ஏறினேன். தங்கை வீட்டு முன்னறையில் இரும்புக் கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்தில் நடப்பதற்கான வாக்கர். துண்டு இல்லாத தலையை அன்றுதான் பார்த்தேன், முழுக்க நரை.

"இன்னா உள்ளூரு, ஜப்பானு எப்படிக்கிது?"

நான் சுற்றி வளைக்கவில்லை. "எங்கம்மா குடுத்த மூணு கிலோவும் அப்படியே வருமே, எப்படி?"

"டீச்சரு இப்பத்தான் கணக்கு போட்டியா?" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் தானாகவே சொன்னார். நாள் முடிவில் மிஷினைப் பிரித்து, உள்ளே தங்கின தூளை வழித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். எல்லா வீட்டுத் தூளும் கலந்தது. வெளிநாடு போகிற தூள் துணியில் ஆறும்போது, அதிலிருந்து ஒரு கை நிறைய அள்ளிக் கலந்துவிடுவார். அவருடைய சொந்தச் சமையலும் அந்த டின்னிலிருந்துதான்.

"எல்லாருக்குமா?"

"வெளிநாட்டுக்கு எல்லாத்துக்கும் ஒரு கை. ஜப்பானுக்கு மட்டும் ரெண்டு. உங்கம்மா வெந்தயம் சாஸ்தி போடும்."

"யாரக் கேட்டு போட்டீங்க?"

"யாரையும் கேக்கல."

"கேக்காம எப்படிப் போடலாம்?"

"கேட்டிருந்தா ஒத்துக்கினு இருப்பீங்களா?" என்றார். குரலில் கோபமோ மன்னிப்போ இல்லை. "உன் தம்பி தனியா குந்தி துன்றான்னு உங்கம்மா அழுதுச்சி, அதுக்கப்புறந்தான் ஆரம்பிச்சேன். ஒரு வூட்டு அளவு அந்த வூட்டு நாக்குக்குத்தான் கண்ணு. வேத்தாளு வாயில அது துருத்திக்கினு நிக்கும். நூறு வூடு கலந்துட்டா யாரு வூட்டுதும் துருத்தாது. எவன் வேணும்னாலும் பக்கத்துல வந்து குந்துவான். அதான் போட்டேன். தப்பா?"

தப்பா என்று என்னைக் கேட்டால்? எனக்குக் கோபம் வந்தது. அவர் செய்தது நல்லது என்றும் தோன்றியது. நல்லது என்று தோன்றியதே கூடுதலாகக் கோபத்தைக் கிளப்பியது. ஒரு மிஷின்காரம்மா திருடினார் என்றால் ஊரைக் கூட்டிச் சண்டை போடலாம். இவர் எடுக்கவில்லை, போட்டிருக்கிறார். இதற்கு யாரிடம் போய் என்ன புகார் சொல்வது? அங்கே என் அம்மா தன் புத்தி கலங்கிவிட்டது என்று நம்பி, வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். அதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை.

"ஐயோ, போய் சொல்லும்மா. ஜல்தி போ. எம்மேல கோவப்பட்டா பட்டுக்கட்டும்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். தம்பி பதினோரு வருஷமாகச் சாப்பிட்டதில் மரக்காணத்து மீன் குழம்புத் தூள் இருக்கிறது. கோயில் பக்கத்து லண்டனின் மிளகு இருக்கிறது. சரி, அது ஒரு பக்கம். அம்மாவின் வெந்தயம் எங்கெல்லாம் போயிருக்கிறது? தென்னாப்பிரிக்காவில் தோண்டிய ரொட்டிக்குள் கொஞ்சம், குவைத்தில் கொஞ்சம், ஜெர்மனியில் பச்சையாகத் தூவிக் கொஞ்சம். யாரோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து, என் அம்மா வறுத்ததைத் தன் அம்மாவின் கை என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இதில் எது யாருடைய குழம்பு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. சொல்லாவிட்டால் அம்மா தன் புத்தியைச் சந்தேகித்தே சாவாள். சொன்னால், பதினோரு வருஷமாக மகன் புகழ்ந்தது தன் கையை மட்டும் அல்ல என்று தெரிந்துகொள்வாள். இரண்டில் எதை அவள் தாங்குவாள்? வீடு வந்து சேர்ந்தபோதும் தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

அம்மா அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து கேட்டாள். முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நான் எதையும் உடலியா?"

"உடலம்மா. உன் அளவு சரியாத்தான் இருந்துச்சு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எழுந்து போய், முதலில் கட்டிய பெட்டியின் கயிற்றை அவிழ்த்துத் தராசை வெளியே எடுத்து மேடையில் வைத்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நிம்மதி அன்று ஒரு நாள்தான். மறுநாள் காலையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு, "பதினோரு வருஷம் அவன் அம்மா கை, அம்மா கைன்னானே. அது யாரு கைடி?" என்றாள். நான் பயந்தது இதற்குத்தான்.

மதியத்துக்குக் கத்திரிக்காயும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டுப் புளிக்குழம்பு வைத்தாள். புது மிஷினில் அரைத்த, ஒரு சிட்டிகைகூட வேறு எதுவும் கலக்காத அவள் தூளில் வைத்தது. சோற்றையும் குழம்பையும் தூக்கில் போட்டுக்கொண்டு, "கெளம்பு, வானூரு போலாம்" என்றாள். சண்டைதான் என்று முடிவுசெய்து கூடவே போனேன். பஸ்ஸில் தூக்கை மடியை விட்டு இறக்கவில்லை.

மிஷின்காரம்மா எங்களைப் பார்த்ததும் தங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அம்மா தூக்கைத் திறந்து, தட்டு கேட்டு வாங்கி, சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இது என் தூளு. நான் மட்டும் அளந்து போட்டது. சாப்புட்டுட்டு சொல்லு, இதுல என்னா கொறை கண்டுட்ட?"

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். பழக்கம் போல முதலில் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. மல்லாட்டையை ஒவ்வொன்றாக மென்றார். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். தட்டை விரலால் வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

"கொறை ஒண்ணும் இல்ல ஜப்பானு" என்றார். "எல்லாம் அளவாத்தான் இருக்குது. முப்பது வருசமா உன் தூள மோந்து மட்டும்தான் பாத்துக்கினு இருந்தேன். உன் கொழம்பு இன்னிக்குத்தான் சாப்புடுறேன்."

முப்பது வருஷத்தில் எத்தனையோ தடவை அந்த மிஷின் வாசலில் நின்றிருக்கிறோம். அவர் எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, அந்த வரிசையில் டப்பாவோடு நின்ற எந்த வீட்டிலும் அவருக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுக்கத் தோன்றியதில்லை. ஏன் தோன்றவில்லை என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. அம்மா குனிந்து தட்டை வாங்கி, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது தங்கையைக் கூப்பிட்டுக் கட்டிலுக்கடியிலிருந்து அந்த பிஸ்கட் டின்னை எடுக்கச் சொன்னார். அடியில் கொஞ்சம் தூள் மிச்சம் இருந்தது. "ரெண்டு கை வரும். ஜப்பானுக்குப் போட்டு அனுப்பு. இஷ்டம் இல்லன்னா உட்டுடு" என்றார். அம்மா டின்னை வாங்கிக் காலித் தூக்கோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கோபம் போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா என்று அவள் முகத்தை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கிளியனூர் தாண்டும்போது என் பக்கம் திரும்பினாள்.

"ஊரு உலகத்துக்கெல்லாம் கேட்டுச்சே அந்தம்மா, கூட யாரு சாப்புடுறாங்கன்னு. அது யாரு கூட சாப்புடுதுன்னு நாம ஒரு நாளாவது கேட்டமாடி?"

இல்லை என்றேன். அம்மா பையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.